கடைசி இலை

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் ஒரு கிரிக்கெட் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை டீமில் ஒன்பதாவதாக இறங்கி, பெரும்பாலும் வந்த வேகத்திலேயே திரும்பி வருகிறவர். போன மாதம் வெளியூரில் மேட்ச். 'கிரிக்கெட் ஆடுவதற்காக வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும்' என்று பச்சையாக எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏன் சார், பாட்டி செத்துட்டாங்கன்னு எழுதியிருந்தா நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்படி உண்மையை எழுதினா எப்படி சார் சாங்ஷன் பண்றது?"

நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. கேண்டீனில் வடையைக்கூடத் தொடாமல், "உலகத்துல வேலைக்குப் போற எவனுமே விளையாடினதில்லையாய்யா?" என்று புலம்பினார். அவரைத் தேற்றுவதற்காக ஒரு கதை சொன்னேன். நிஜமாக நடந்த கதை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1970-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், லண்டன். தக்காளி சாஸ் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டுவோமே, அந்த ஹைன்ஸ் கம்பெனியின் பிரிட்டிஷ் கிளைக்கு ஒரு மேனேஜிங் டைரக்டர். வயசு 33. எங்கள் மேனேஜருக்கு மேனேஜருக்கு மேனேஜர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அயர்லாந்து ரக்பி டீமிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் ஒருத்தருக்கு அடிபட்டுவிட்டது, சனிக்கிழமை ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தோடு மேட்ச், வந்து ஆடிக் கொடுக்க முடியுமா?

மனிதர் அயர்லாந்துக்காகக் கடைசியாக ஆடி ஏழு வருஷமாகிவிட்டது. நடுவில் எத்தனையோ பிசினஸ் லஞ்ச் சாப்பிட்டு, இடுப்பளவு சௌகரியமாக வளர்ந்திருந்தது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? 'ஆடிட் நடக்குது' என்று தப்பித்துக்கொள்வோம். அவர் போனார். டிரைவர் ஓட்ட, பெரிய காரில் பின்சீட்டில் உட்கார்ந்து பிராக்டிஸுக்கு வந்து இறங்கினாராம். மேட்சில் என்ன ஆயிற்று என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இவர் யார் என்று பார்ப்போம்.

பெயர் டோனி ஓ ரைலி. அயர்லாந்துக்காரர். ஆறடி இரண்டங்குலம், செம்பட்டை முடி, சினிமா ஹீரோ முகம். 'பென்ஹர்' படத்தில் கதாநாயகனாகப் போட அவரைப் பரிசீலித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அவரே அதை ரசித்துப் பரப்பியவர் என்பதால், நாம் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடுவோம்.

ரக்பி நம்மில் பலருக்கும் ஃபுட்பாலின் முரட்டுச் சித்தப்பா மாதிரி. வந்து போனால் தெரியும், பழக்கமில்லை. ஆனால் இந்தியாவுக்கு அதோடு ஒரு சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் அடித்துக்கொள்ளும் கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் ஒன்று, ஆள் குறைந்து மூடியபோது பாங்கிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கிச் செய்து கொடுத்துவிட்டது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. நம்ம ஊர்க் காசு!

ஆட்டம் இதுதான். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்பக்கமாக எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் பண்ணலாம். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அதற்குப் பெயர் 'ட்ரை'. ஏன் 'முயற்சி' என்று பெயர்? ஆதிகாலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோலுக்கு உதைத்து முயற்சி பண்ணிப் பார்க்கும் உரிமை மட்டும்தான். ஓ ரைலி காலத்தில் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி, இன்றைக்கு 5.

பதினைந்து பேரில் இரண்டு பேர் மைதானத்தின் இரண்டு ஓரத்திலும் நிற்பார்கள். விங். ஓ ரைலி ஆடியது பெரும்பாலும் இந்த இடத்தில். நடுவில் குஸ்தி நடந்து, பந்து வெளியே வந்து, ஒருத்தன் கையிலிருந்து இன்னொருத்தன் கைக்கு மாறி, கடைசியில் ஓரத்தில் நிற்பவனிடம் வரும். வந்தால். கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பாயசம் தலைமாட்டில் கிளம்பும்போது வாளி நிறைய இருக்கும். நம்ம இலைக்கு வரும்போது பரிமாறுகிறவர் வாளியைச் சாய்த்துக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார். விங் என்பது அந்தக் கடைசி இலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1936-ல் டப்ளினில் பிறந்தார். அப்பா சுங்க இலாகா அதிகாரி. பின்னாளில் அந்த இலாகாவின் உச்சிக்கே போனவர். ஒரே பிள்ளை. பெல்வடியர் என்கிற ஏசு சபைப் பள்ளிக்கூடத்தில் படிப்பு. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் படித்த அதே பள்ளி. நம்ம லயோலா காலேஜை நடத்துகிற அதே சபைதான். படிப்பு, நாடகம், டென்னிஸ், கிரிக்கெட், ரக்பி என்று எதை எடுத்தாலும் முதல் வரிசை.

பதினைந்து வயசில் ஒரு பாதிரியார் பையனைக் கூப்பிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். உன் அப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறார், நான்கு குழந்தைகளும் இருக்கிறார்கள்; உன் அம்மாவும் அப்பாவும் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லை. அன்றைய கத்தோலிக்க அயர்லாந்தில் இது சாதாரண விஷயம் இல்லை. விவாகரத்தே கிடையாது; 1995-ல் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தி, மயிரிழையில் ஜெயித்துத்தான் அந்தச் சட்டம் மாறியது. அந்தப் பதினைந்து வயசுப் பையன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போனான். தனக்குத் தெரியும் என்பதை அப்பா அம்மாவிடம் பல வருஷங்களுக்குக் காட்டிக்கொள்ளவே இல்லை.

அப்புறம் வாழ்நாள் பூராவும் அவர் ஏன் எதிலும் முதலாவதாக நிற்க அப்படி ஆலாய்ப் பறந்தார் என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். மனசுக்குள் எக்ஸ்ரே எடுக்க முடியாது.

1955 ஜனவரியில், 18 வயசில் அயர்லாந்து டீமில் இடம். அந்த வருஷம் அயர்லாந்து ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை; இங்கிலாந்தோடு ஒரு டிரா, அவ்வளவுதான். ஆனால் பையனைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். லயன்ஸ் டீமில் சேர்த்துக்கொண்டார்கள்.

லயன்ஸ் என்றால் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறவர்கள் அல்ல. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு டீமிலிருந்தும் பொறுக்கி எடுத்த ஒரு கூட்டணி. சில வருஷத்துக்கு ஒரு முறை கடல் தாண்டிப் போய் தென்னாப்பிரிக்காவோடோ, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடோ மோதுவார்கள். மாசக்கணக்கில் டூர். 1955-ல்தான் முதன்முறையாகக் கப்பலை விட்டு விமானத்தில் போனார்கள். பையனுக்கு அப்போதுதான் 19 முடிந்திருந்தது.

ஆகஸ்ட் 6. ஜோஹன்னஸ்பர்க், எல்லிஸ் பார்க். சுமார் 95,000 பேர். தென்னாப்பிரிக்க டீம் என்றால் அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். நிறவெறிச் சட்டம் கேலரியைக்கூடப் பிரித்து வைத்திருந்த காலம். 19 வயசு 91 நாளில் ஓ ரைலி களத்தில் இறங்கினார். லயன்ஸுக்காக டெஸ்ட் ஆடியதில் மிகச் சிறியவர் அவர்தான் என்று ஆயிற்று.

இடைவேளையில் தென்னாப்பிரிக்கா 11, லயன்ஸ் 8. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லயன்ஸ் ஆள் ஒருத்தர் காலில் அடிபட்டு வெளியே போனார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்கிற ஏற்பாடே கிடையாது. அடிபட்டால் போச்சு, மிச்சப் பேர் ஆடணும். பதினாலு பேர் பதினைந்து பேரோடு ஆடினார்கள். ஆடி என்ன செய்தார்கள்? மடமடவென்று மூன்று ட்ரை. மூன்றையும் கோலுக்கும் உதைத்து 23-11 என்று ஆக்கிவிட்டார்கள். அதில் ஒரு ட்ரை நம் ஆளுடையது.

தென்னாப்பிரிக்கா விடவில்லை. துரத்தித் துரத்திக் கடைசி நிமிஷத்தில் ஒரு ட்ரை. 23-22. இப்போது கோலுக்கு உதைக்க வேண்டியதுதான் பாக்கி. உள்ளே போனால் இரண்டு புள்ளி, 24-23, தென்னாப்பிரிக்கா ஜெயித்துவிடும். உதைக்க வந்தவர் ஜாக் வான் டர் ஷைஃப். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பந்து விலகிப் போய்விட்டது.

தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வான் டர் ஷைஃப் நிற்கிற போட்டோ ரக்பி உலகில் ரொம்பப் பிரசித்தம். அதற்கப்புறம் அந்த மனிதரைத் தென்னாப்பிரிக்க டீமில் சேர்க்கவே இல்லை. ஒரே ஒரு உதை! அந்த நேரத்தில் உங்கள் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஓ ரைலியைப் பிற்பாடு கேட்டார்கள். வாட்டிகனோடு நேரடித் தொடர்பில் இருந்ததாகச் சொன்னார்.

அந்த டூரில் மட்டும் அவர் போட்டது 16 ட்ரை. டெஸ்ட் தொடர் 2-2 என்று சமனில் முடிந்தது.

நாலு வருஷம் கழித்து, 1959-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டூர். இதில் 22 ட்ரை. இந்த டூரில் ஒரு மேட்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜூலை 18, டனீடன் நகரம். லயன்ஸ் நான்கு ட்ரை போட்டார்கள், ஓ ரைலியின் ட்ரை உள்பட. நியூசிலாந்து போட்ட ட்ரை எத்தனை? சைபர். ஆனால் ஜெயித்தது யார்? நியூசிலாந்து! 18-17. எப்படி என்றால், லயன்ஸ் தப்பாட்டம் ஆடியதாக ரெஃப்ரி விசிலடித்துக்கொண்டே இருக்க, டான் கிளார்க் என்கிற ஒருவர் ஆறு பெனால்டியை வரிசையாகக் கோலுக்குள் அனுப்பினார். ஆறு மூணு பதினெட்டு. ஒரு கட்டத்தில் 17-9 என்று முன்னால் இருந்த டீம் தோற்றுப் போயிற்று. பந்தி பூராவும் பரிமாறினவன் பட்டினி, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டவனுக்கு விருந்து. ட்ரைக்கும் பெனால்டிக்கும் ஒரே விலை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ரொம்ப நாள் பேச்சு நடந்து, பிற்பாடு ட்ரையின் மதிப்பை 1971-ல் 4 ஆகவும், 1992-ல் 5 ஆகவும் ஏற்றினார்கள்.

மூன்று டெஸ்ட் தோற்று, கடைசி டெஸ்டை ஆக்லாந்தில் 9-6 என்று லயன்ஸ் ஜெயித்தார்கள். அதிலும் ஓ ரைலி ஒரு ட்ரை.

ஆக, 16-ம் 22-ம் 38. லயன்ஸுக்காக யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் இத்தனை ட்ரை போட்டதில்லை. பத்து டெஸ்டில் ஆறு ட்ரை. அதுவும் லயன்ஸ் ரிக்கார்டுதான். இப்போதெல்லாம் டூரின் நீளத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் இனிமேல் யாராவது 38-ஐத் தாண்டுவார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பார்பேரியன்ஸ் என்று இன்னொரு டீம். மைதானம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, நல்ல ஆட்டக்காரனாகப் பார்த்துக் கூப்பிட்டு ஜாலியாக ஆட வைப்பார்கள். அதில் 30 மேட்ச், அங்கேயும் 38 ட்ரை!

சரி, தாய்நாடு அயர்லாந்துக்காக? 29 மேட்ச். எத்தனை ட்ரை?

நாலு.

அச்சுப் பிழை இல்லை சார். நாலேதான். நண்பர் இந்த இடத்தில் வடையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதே ஆள், அதே கால், அதே வேகம். அப்புறம் என்ன? இங்கேதான் கடைசி இலை வருகிறது. அயர்லாந்து டீமின் பாணியே வேறு. முன்னால் நிற்கிற எட்டு தடியர்கள் முட்டி மோதிப் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு போவார்கள்; இல்லாவிட்டால் ஆகாயத்தில் உதைத்துவிட்டுத் துரத்துவார்கள். கை மாறி, கை மாறி ஓரத்துக்கு வருகிற பந்து ரொம்பக் குறைவு. டப்ளின் குளிரில் விங்கில் நின்றுகொண்டு, கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வதுதான் பாதி வேலை. அந்தக் காலத்து அயர்லாந்து 1951-ல் ஜெயித்த சாம்பியன்ஷிப்பை மறுபடி 1974-ல்தான் ஜெயித்தது. ஓ ரைலி ஆடிய வருஷமெல்லாம் அந்த வறட்சிக்கு நடுவில்.

லயன்ஸிலோ உள்ளே நின்றவர்கள் கிளிஃப் மார்கன், ஜெஃப் பட்டர்ஃபீல்டு மாதிரியான ஆட்கள். பாயசத்தைச் சிந்தாமல், வாளி நிறைய, கடைசி இலை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள். எங்கள் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு செக்‌ஷனில் சோம்பேறி என்று பெயர் வாங்கினவர், மாற்றலாகி அடுத்த செக்‌ஷனுக்குப் போன ஆறு மாசத்தில் பிரமோஷன் வாங்கினார். மனிதர் மாறவில்லை. ஃபைல் சரியான நேரத்துக்கு மேஜைக்கு வந்தது.

இவ்வளவு ட்ரை போட்டவருக்கு எவ்வளவு சம்பளம்? ஒரு பைசா கிடையாது. 1995 ஆகஸ்ட் வரைக்கும் ரக்பி யூனியனில் காசு வாங்கி ஆடக் கூடாது. வாங்கினால் தள்ளி வைத்துவிடுவார்கள். எல்லிஸ் பார்க் ஹீரோவும் ஊர் திரும்பினால் வேலை தேடணும். ஓ ரைலி வக்கீலுக்குப் படித்தார், தொழில் பண்ணவில்லை. கம்பெனி, கம்பெனியாக ஏறினார். ரக்பியில் ஒரு ஓரமாக நின்றவர் இங்கே ஒரு இடத்தில் நிற்கவில்லை.

1962-ல், 26 வயசில் அயர்லாந்தின் அரசாங்கப் பால் வாரியத்துக்கு ஜெனரல் மேனேஜர். நம்ம ஆவின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அயர்லாந்து வெண்ணெய் மூட்டை மூட்டையாக இங்கிலாந்துக்குப் போய், பேரில்லாமல், எவனோ போட்ட லேபிளில் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்து, தங்க நிறக் காகிதம் சுற்றி, 'கெர்ரிகோல்டு' என்று கடையில் வைத்தார்கள். இன்றைக்கும் ஐரோப்பா, அமெரிக்கா பூராவும் விற்கிறது. வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சர்க்கரை கம்பெனி. 1969-ல் ஹைன்ஸ். அந்தக் கட்டத்தில்தான் சனிக்கிழமை மேட்சுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த மேட்சுக்கு வருவோம். 1970, பிப்ரவரி 14. மேனேஜிங் டைரக்டர் அரை டிராயரும் பச்சை ஜெர்ஸியும் போட்டுக்கொண்டு ட்விக்கன்ஹாமில் இறங்கினார். டீமில் வில்லி ஜான் மெக்பிரைடு என்று ஒரு மலை மாதிரி ஆள். ஆட்டத்துக்கு முன்னால், 'உன்கிட்ட இனிமே இருக்கிற ஒரே ஆயுதம், எதிராளியைப் பார்த்துத் தொங்குற கன்னத்தை ஆட்டுறதுதான்' என்கிற மாதிரி அவர் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். ஆட்டத்தில் ஒரு முறை, பந்தோடு பாய்ந்து வந்த இங்கிலாந்துக் கூட்டத்தின் காலடியில் ஓ ரைலி துணிந்து விழுந்து பந்தை அமுக்கினார். மேலே ஏழெட்டு பேர் ஏறி மிதித்துவிட்டுப் போனார்கள். மூச்சு நின்று போய்க் கிடக்கிறார். கேலரியிலிருந்து ஒரு அயர்லாந்துக் குரல்: அப்படியே அவன் டிரைவரையும் சேர்த்து மிதிங்கடா!

இதைச் சொல்லிச் சொல்லி ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவர் ஓ ரைலியேதான். அயர்லாந்து 9-3 என்று தோற்றது. அதோடு அவருடைய சர்வதேச ரக்பி முடிந்தது. முதல் மேட்சுக்கும் கடைசி மேட்சுக்கும் நடுவில் 15 வருஷம்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறுகிற கதை எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவில் ஹைன்ஸ் தலைமை ஆபீஸ், 1979-ல் தலைமை நிர்வாகி, 1987-ல் சேர்மன். ஹைன்ஸ் குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். 1991-ல் மட்டும் ஏழரைக் கோடி டாலர் போல வருமானம் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டு மயக்கம் போட்டன. நடுவில் அயர்லாந்தில் சொந்தமாகப் பத்திரிகை கம்பெனி. 1994-ல் தென்னாப்பிரிக்காவிலும் பெரிய பத்திரிகைக் குழுமம் ஒன்றில் பங்கு வாங்கினார். மண்டேலாவோடு நட்பு. 19 வயசில் கேலரியைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த அதே தேசம். நடுவில் எப்படியோ நேரம் கண்டுபிடித்து ஒரு டாக்டர் பட்டம். 2001-ல் பிரிட்டிஷ் ராணியிடமிருந்து 'சர்' பட்டம். கில்டேரில் அரண்மனை மாதிரி வீடு, சுவரில் ஓவியர் மொனேயின் அசல் படம்.

சறுக்கியதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாட்டர்ஃபோர்டு என்று அயர்லாந்தில் ஒரு ஊர். கண்ணாடியை வெட்டிப் பட்டை தீட்டிக் கிண்ணம் செய்வதில் உலகப் புகழ். அந்தக் கம்பெனியும் இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனியும் சேர்ந்த குழுமம் ஓ ரைலி கையில் இருந்தது. உலகம் பூராவும் ஜனங்கள் அந்த மாதிரிக் கிண்ணம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஓ ரைலி சொந்தப் பணத்தைக் கோடி கோடியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். எந்த நல்ல விங் ஆட்டக்காரனும், கோடு பக்கத்தில்தான் இருக்கிறது என்றே நினைப்பான். 2009 ஜனவரியில் குழுமம் திவால். அதே வருஷம் பத்திரிகை கம்பெனியின் தலைமைப் பதவியும் போயிற்று. இன்னொரு பணக்காரரோடு வருஷக்கணக்கில் நடந்த பங்குச் சண்டையில் நொந்து போய் விலகினார்.

வாட்டர்ஃபோர்டில் தொழிலாளிகள் ஃபாக்டரிக்குள் உட்கார்ந்து மறியல் பண்ணினார்கள். வேலையோடு பென்ஷனும் போய்விட்டது. முப்பது, நாற்பது வருஷம் கண்ணாடி வெட்டினவர்கள், நம்ம பி.எஃப். மாதிரி மாசா மாசம் பிடித்துக் கொடுத்த பணம். ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், 2013-ல்தான் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் அநேகமாக ஓ ரைலியின் மொனே படத்துக்காகவே கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அந்தக் கண்ணாடிக்காரர்கள் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. பந்தியில் அவர்கள் இலைக்கு அப்புறமும் இலை இருந்ததா என்ன?

2014-ல் பாங்குகள் கோர்ட்டுக்குப் போயின. வீட்டை விற்றார்கள். படங்களை விற்றார்கள். 2015 நவம்பரில், எழுபத்தொன்பது வயசில், பஹாமாஸ் தீவில் அவர் திவாலானதாக அறிவிப்பு. ஒரு காலத்தில் அயர்லாந்தின் முதல் கோடீஸ்வரர்களில் ஒருவர் என்று பேர் வாங்கியவர். 2024 மே 18-ஆம் தேதி டப்ளினில் காலமானார். வயசு 88.

மறுநாள் பத்திரிகைகளில் வெண்ணெய், சாஸ், கடன் எல்லாம் வந்தன. கூடவே அந்த 38-ம் வந்தது. எழுபது வருஷமாகப்போகிறது, யாரும் தொடவில்லை. பாங்கு அட்டாச் பண்ணுகிற லிஸ்டில் அது இல்லை.

நான் கதையை முடித்தபோது கேண்டீனில் எங்கள் டேபிளைச் சுற்றி ஏழெட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், காபி டம்ளரோடு மேனேஜர்! எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. நண்பருக்கு வியர்த்துவிட்டது.

மேனேஜர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு யோசனையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். மேனேஜிங் டைரக்டர் ரக்பி ஆடப் போனாரு. அவருக்கு லீவு யாரு சாங்ஷன் பண்ணாங்க?"

"அவரு ஆடினது சனிக்கிழமை சார்" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.